மீடியாவிக்கி சிறுபட நிரல் இயக்க ஓட்டை

மீடியாவிக்கி சிறுபட நிரல் இயக்க ஓட்டை என்பது, மீடியாவிக்கி மென்பொருளில் ஆவணக் கோப்புகளின் பக்கங்களைச் சிறுபடங்களாக மாற்றும் பகுதியில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டை ஆகும். 2014ஆம் ஆண்டு சனவரி மாத இறுதியில் இது திருத்தப்பட்டுப் பொதுவில் அறிவிக்கப்பட்டது. பொது ஓட்டைப் பட்டியலில் இதன் எண் சி.வி.இ-2014-1610. ஒரு நூலின் பக்க எண்ணையோ படத்தின் அகலத்தையோ குறிக்க வேண்டிய இடத்தில் வேறு எழுத்துகளைச் சேர்த்து அனுப்புவதன் மூலம், தொலைவில் உள்ள ஒருவர் விக்கி இயங்கும் வழங்கிக் கணினியில் தாம் விரும்பும் கட்டளைகளை இயக்க இவ்வோட்டை வழிவகுத்தது. விக்கிப்பீடியாவும் அதன் உறவுத் திட்டங்களும் மீடியாவிக்கியிலேயே இயங்குவதால் இது பரவலான கவனத்தைப் பெற்றது.

இவ்வோட்டைக்கு விக்கியின் திறந்த தன்மை காரணமன்று. வெளியிலிருந்து வரும் ஒரு மதிப்பைச் சோதித்த நிரல், கேட்க வேண்டிய கேள்விக்குப் பதிலாக வேறொரு கேள்வியைக் கேட்டதே இதன் காரணம் ஆகும். கணினிப் பாதுகாப்பில் அடிக்கடி காணப்படும் ஒரு வழுவுக்கு இது தெளிவான எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

தொலைநிலை நிரல் இயக்கம்

இணையத்தளம் ஒன்றை நாடும் பயனர் சில மதிப்புகளை வழங்கிக்கு அனுப்புகிறார். பக்கத்தின் பெயர், தேடுசொல், படத்தின் அகலம் போன்றவை அத்தகையவை. இவை தரவுகள் மட்டுமே. வழங்கியில் உள்ள மென்பொருள் இவற்றைப் படித்து, தனக்கு முன்பே எழுதப்பட்ட நிரலின்படி விடையளிக்கிறது. என்ன செய்வது என்பதை நிரல் முடிவு செய்கிறது. எதன்மீது செய்வது என்பதையே தரவு குறிப்பிடுகிறது.

இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லை உடைந்து, பயனர் அனுப்பிய தரவின் ஒரு பகுதியை வழங்கி கட்டளையாக எண்ணி இயக்கிவிடும் நிலையே தொலைநிலை நிரல் இயக்கம் எனப்படுகிறது. பாதுகாப்பு ஓட்டைகளில் இது மிகக் கடுமையான வகையைச் சேர்ந்தது. பிற ஓட்டைகள் ஒரு கணக்கையோ ஒரு பக்கத்தையோ பாதிக்கக்கூடும். இவ்வகை ஓட்டையோ அம்மென்பொருளுக்கு வழங்கியில் உள்ள எல்லா உரிமைகளையும் தாக்குநரிடம் ஒப்படைத்துவிடுகிறது.

பின்னணி

மீடியாவிக்கி

மீடியாவிக்கி பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள் ஆகும். 2001இல் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா முதலில் பெர்ள் மொழியில் அமைந்த யூஸ்மாட்விக்கி என்னும் மென்பொருளில் இயங்கியது. 2002 சனவரியில் மாக்னசு மான்சுக்கே எழுதிய பிஎச்பி நிரலுக்கு அது மாற்றப்பட்டது. அதே ஆண்டு லீ டேனியல் குரோக்கர் அதனைப் பெரிதும் மாற்றி எழுதினார். இதுவே பின்னர் மீடியாவிக்கி எனப் பெயர் பெற்றது. விக்கிமீடியா திட்டங்களைத் தவிர, உலகெங்கும் பல நிறுவனங்களும் கல்விக்கூடங்களும் ஆர்வலர் குழுக்களும் தத்தம் விக்கிகளை இம்மென்பொருளைக் கொண்டு நடத்துகின்றன.

சிறுபடங்கள்

பதிவேற்றப்படும் படிமங்கள் பல நேரங்களில் மிகப் பெரியவையாக இருக்கும். கட்டுரைப் பக்கத்தில் அவற்றை அப்படியே இட்டால் பக்கம் திறக்கக் காலதாமதம் ஆகும். எனவே வேண்டிய அகலத்தில் ஒரு சிறு நகலை மீடியாவிக்கி உருவாக்கி வைத்துக்கொள்கிறது. இதுவே சிறுபடம் ஆகும்.

படங்களைச் சுருக்கும் வேலையைப் பெரும்பாலும் மீடியாவிக்கி தானே செய்வதில்லை. வழங்கியில் நிறுவப்பட்டுள்ள வேறு நிரல்களை அழைத்து அவற்றிடம் ஒப்படைக்கிறது. ஒளிப்படங்களுக்கு இமேச்மாசிக்கு, டெஜாவு கோப்புகளுக்கு டெஜாவுலிப்ரே தொகுப்பில் உள்ள கருவி, பிடிஎஃப் கோப்புகளுக்கு கோசுட்டுசிகிரிப்ட்டு என ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை நிரல் உண்டு.

டெஜாவு கோப்புகள்

டெஜாவு என்பது மின்வருடல் செய்யப்பட்ட நூல்களைச் சேமிப்பதற்காக 1990களின் பிற்பகுதியில் ஏ.டி.&டி. ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட கோப்பு வடிவம் ஆகும். பக்கத்தின் எழுத்துகளையும் பின்புலத்தையும் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்துச் சுருக்குவதால், பல நூறு பக்கங்கள் கொண்ட நூலும் சிறிய கோப்பில் அடங்குகிறது. பழைய நூல்களை மின்மயமாக்கும் விக்கிமூலம் திட்டத்தில் இவ்வடிவமும் பிடிஎஃப் வடிவமும் மிகுதியாகப் பயன்படுகின்றன. ஒருபுறம் பக்கத்தின் படிமம், மறுபுறம் அதன் எழுத்து வடிவம் எனக் காட்டி, தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்ப்பது அத்திட்டத்தின் வழக்கம். தமிழ் விக்கிமூலத்திலும் நூல்கள் இம்முறையிலேயே மெய்ப்புப் பார்க்கப்படுகின்றன.

ஒரே கோப்பில் பல பக்கங்கள் இருப்பதால், சிறுபடம் கேட்கும்போது எந்தப் பக்கம் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். இதற்காகச் சேர்க்கப்பட்ட பக்க எண் அளவுருவே பின்னர் ஓட்டையின் வாயிலாக அமைந்தது.

இயங்குமுறை

கட்டளை அமைக்கப்பட்ட விதம்

மீடியாவிக்கி துணை நிரலை அழைக்கும்போது, ஒரு கட்டளை வரியை எழுத்துச் சரமாக அமைத்து அதனை ஷெல் எனப்படும் கட்டளைப் பொறியிடம் தருகிறது. நூலின் ஏழாம் பக்கத்தைப் படமாக்க வேண்டுமெனில் அவ்வரி பின்வருமாறு அமைவதாகக் கொள்ளலாம். இங்கு கட்டளைப் பெயர்கள் விளக்கத்திற்காகத் தமிழில் தரப்பட்டுள்ளன.

படமாக்கு -பக்கம்=7 -அளவு=400x600 'நூல்.டெஜாவு'

ஷெல்லுக்குச் சில எழுத்துகள் தனிப்பொருள் உடையவை. அரைப்புள்ளி ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குவதைக் குறிக்கிறது. நிலைக்கோடு ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கச் சொல்கிறது. பின்சாய்ந்த மேற்கோள் குறிகளுக்கு உட்பட்டது தனிக் கட்டளையாக இயக்கப்படுகிறது. இவை சிறப்புக் குறியீடுகள் எனப்படுகின்றன.

எனவே வெளியிலிருந்து வரும் எந்த மதிப்பையும் கட்டளை வரியில் சேர்ப்பதற்கு முன் அதனை மேற்கோள் குறிகளுக்குள் அடைத்து, உள்ளே இருக்கும் குறியீடுகளின் பொருளை முடக்க வேண்டும். மீடியாவிக்கியில் இதற்கென ஒரு செயற்கூறு முன்பே இருந்தது. மேலே காட்டிய வரியில் கோப்பின் பெயர் அவ்வாறே மேற்கோளுக்குள் அடைக்கப்பட்டது. கோப்பின் பெயரைப் பயனர்தாம் தருகிறார் என்பதால் அதில் எச்சரிக்கை தேவை என்பதை நிரலாளர்கள் உணர்ந்திருந்தனர். ஆனால் பக்க எண்ணும் அளவும் மேற்கோளின்றி நேரடியாகச் சரத்தில் ஒட்டப்பட்டன. அவை எண்கள் தாமே என்னும் எண்ணம் இதற்கு அடிப்படையாக இருந்தது எனலாம்.

பக்க எண்ணின் இடத்தில் "7; நாள்காட்டு" என்னும் சரம் வந்தால் வரி இவ்வாறு ஆகிவிடும்:

படமாக்கு -பக்கம்=7; நாள்காட்டு -அளவு=400x600 'நூல்.டெஜாவு'

ஷெல் இதனை இரண்டு கட்டளைகளாகப் படிக்கிறது. முதலாவது படமாக்கும் கட்டளை. அது முழுமையற்றதாதலால் தோல்வியடையும். இரண்டாவது தாக்குநர் எழுதிய கட்டளை. அது இயங்கிவிடும். இவ்வகைத் தாக்குதல் கட்டளை உட்செலுத்தல் என்று அழைக்கப்படுகிறது.

சரிபார்ப்பின் குறை

பக்க எண் எவ்விதச் சோதனையும் இன்றி ஏற்கப்பட்டது என்று கருதுவது தவறு. டெஜாவு கோப்புகளைக் கையாளும் பகுதியில் அகலம், உயரம், பக்கம் ஆகிய மூன்றையும் சோதிக்கும் செயற்கூறு ஒன்று இருந்தது. அது கேட்ட கேள்வி ஒன்றே: இம்மதிப்பு சுழியத்தை விடச் சிறியதா, அல்லது அதற்குச் சமமா? ஆம் எனில் மதிப்பு நிராகரிக்கப்படும். இல்லை எனில் ஏற்கப்படும். பக்க எண் நூலின் மொத்தப் பக்கங்களை விடக் கூடுதலா என்பதும் ஒப்பிடப்பட்டது.

இங்கு பிஎச்பி மொழியின் ஓர் இயல்பு குறுக்கிடுகிறது. ஓர் எழுத்துச் சரத்தை எண்ணுடன் ஒப்பிடும்போது, அக்கால பிஎச்பி பதிப்புகள் சரத்தின் தொடக்கத்தில் உள்ள இலக்கங்களை மட்டும் எண்ணாக எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிடும். எனவே "7; நாள்காட்டு" என்பது ஒப்பீட்டின்போது 7 ஆகவே கொள்ளப்பட்டது. 7 சுழியத்தை விடப் பெரியது. நூலின் பக்க எண்ணிக்கைக்கு உட்பட்டது. இரு சோதனைகளிலும் மதிப்பு தேறிவிடுகிறது. ஆனால் கட்டளை வரியில் ஒட்டப்படும்போது எண் மட்டும் செல்வதில்லை. முழுச் சரமும் செல்கிறது. சோதிக்கப்பட்ட மதிப்பு ஒன்று, பயன்படுத்தப்பட்ட மதிப்பு வேறு என்றாகிறது.

கேட்கப்பட வேண்டிய கேள்வி "இது சுழியத்தை விடப் பெரியதா" என்பதன்று. "இது முழுவதும் இலக்கங்களால் ஆன எண்தானா" என்பதே. முதற்கேள்வி, மதிப்பு எண்தான் என்று முன்கூட்டியே நம்பிக்கொண்டு கேட்கப்படுவது. அந்நம்பிக்கை சோதிக்கப்படாமலே விடப்பட்டது.

2020 நவம்பரில் வெளியான பிஎச்பி 8 பதிப்பில் இவ்வொப்பீட்டு விதி மாற்றப்பட்டது. முழுமையான எண் அல்லாத சரம் இப்போது எண்ணாக மாற்றப்படாமல், எண்ணே சரமாக மாற்றப்பட்டு இரண்டும் எழுத்துகளாக ஒப்பிடப்படுகின்றன. எனினும் "7" என்னும் எழுத்து "0" என்னும் எழுத்துக்குப் பின் வருவதால், சுழியத்துடனான மேற்கண்ட சோதனை புதிய விதியின் கீழும் அச்சரத்தை ஏற்கவே செய்யும். மொழியின் விதி மாறியதாலேயே இத்தகைய வழு நீங்கிவிடாது என்பதற்கு இது சான்று.

பிடிஎஃப் நீட்சி

டெஜாவு பகுதியில் ஓட்டை இருப்பது தெரிந்தபின் மீடியாவிக்கி நிரலாளர்கள் ஒத்த இடங்களைத் தேடினர். பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் நீட்சியிலும் இதே அமைப்பு காணப்பட்டது. அங்கு படத்தைச் சுருக்கும் கட்டளையில் அகலம் மேற்கோளின்றி ஒட்டப்பட்டிருந்தது. சிறுபடம் வழங்கும் கோப்பு அகலத்தை இணைய முகவரியிலிருந்தே பெறுவதால், முகவரியில் அகலம் வர வேண்டிய இடத்தில் கட்டளையை எழுதினால் போதுமானதாக இருந்தது.

பாதிப்புக்கான நிபந்தனைகள்

மீடியாவிக்கியை நிறுவிய எல்லாத் தளங்களும் தாக்குதலுக்கு உள்ளாகும் நிலையில் இல்லை. கோப்புப் பதிவேற்றம் இயல்பாக முடக்கப்பட்டே இருக்கும். அதனை இயக்கிய பின்னும், பொதுவான பட வடிவங்களே இயல்பாக ஏற்கப்படும். டெஜாவு அல்லது பிடிஎஃப் கோப்புகளை ஏற்குமாறு நிருவாகி அமைப்புகளை மாற்றி, சிறுபடத்திற்கான துணை நிரலையும் நிறுவியிருந்தால் மட்டுமே ஓட்டை திறந்திருந்தது.

ஆனால் இந்நிபந்தனைகள் நிறைவேறிய தளத்தில் தாக்குநருக்கு வேறு தடை ஏதும் பெரிதாக இல்லை. அவ்வடிவத்தில் ஒரு கோப்பு ஏற்கெனவே தளத்தில் இருந்தால் அதன் சிறுபடத்தைக் கேட்டாலே போதும். நூல்களை மின்மயமாக்கிப் பொதுமக்களுக்கு அளிக்கும் தளங்களே இந்நிபந்தனைகளை இயல்பாக நிறைவு செய்தன. விக்கிமீடியா திட்டங்களும் அவற்றுள் அடங்கும்.

விளைவுகள்

விக்கித் தளங்களுக்குத் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிமுறை ஒன்று உண்டு. ஒவ்வொரு தொகுப்பும் பக்க வரலாற்றில் பதிவாகிறது. எவரேனும் பக்கத்தைச் சிதைத்தால் மற்றொருவர் ஒரு சொடுக்கில் பழைய பதிப்புக்கு மீளலாம். யாவரும் தொகுக்கலாம் என்னும் கொள்கை நடைமுறையில் நிலைத்து நிற்பதற்கு இவ்வரலாறே காரணம்.

நிரல் இயக்க ஓட்டை இவ்வழிமுறைக்குக் கீழே செயற்படுகிறது. பக்க வரலாறு விக்கியின் உள்ளடக்கத்தைக் காக்கிறது. விக்கி இயங்கும் கணினியை அது காப்பதில்லை. வரலாறே தரவுத்தளத்தில்தான் சேமிக்கப்படுகிறது. அத்தரவுத்தளத்தின் கடவுச்சொல் மீடியாவிக்கியின் அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். வழங்கியில் கட்டளை இயக்க முடிந்தவர் அக்கோப்பைப் படிக்கலாம். ஆகவே பின்வருவன சாத்தியமாகின்றன:

தரவுத்தளத்தில் உள்ள உரைகளை, தொகுப்பு வரலாற்றில் தடயம் இல்லாமல் மாற்றுதல் அல்லது அழித்தல்.

பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் கடவுச்சொற்களின் ஹாஷ் குறியீடுகளையும் கவர்தல். 2014 தொடக்கத்தில் மீடியாவிக்கி இக்குறியீடுகளை எம்.டி.5 முறையின் அடிப்படையில் சேமித்தது. இம்முறை மிக விரைவாகக் கணிக்கத் தக்கதாதலால், எளிய கடவுச்சொற்களை ஊகித்துக் கண்டுபிடிப்பது கடினமன்று. அதே ஆண்டு நவம்பரில் வெளியான 1.24 பதிப்பில், ஊகிப்பைத் தாமதப்படுத்தும் வலுவான முறை இயல்பாக்கப்பட்டது.

தளத்தைப் பார்வையிடுவோரின் உலாவிகளுக்குத் தீநிரல்களை அனுப்புதல்.

அதே வழங்கியில் உள்ள பிற தளங்களுக்கும், உள்வலையமைப்பில் உள்ள பிற கணினிகளுக்கும் பரவுதல்.

இவற்றுள் மூன்றாவதையே ஓட்டையைக் கண்டறிந்த நிறுவனம் தன் அறிவிப்பில் முதன்மையாகச் சுட்டியது. விக்கிப்பீடியாவை நம்பி நாள்தோறும் திறக்கும் பல இலட்சம் வாசகர்கள் அத்தகைய தாக்குதலுக்கு இலக்காகக்கூடும் என்பதே அதன் எச்சரிக்கை.

கண்டுபிடிப்பும் வெளியீடும்

இசுரேலைச் சேர்ந்த செக் பாயின்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் டெஜாவு பகுதியில் இவ்வோட்டையைக் கண்டறிந்தார். நிறுவனம் அதனை உடனடியாகப் பொதுவில் அறிவிக்காமல், முதலில் விக்கிமீடியா அறக்கட்டளைக்குத் தெரிவித்தது. ஓட்டையை முதலில் மென்பொருளின் பொறுப்பாளர்களுக்கு அறிவித்து, திருத்தம் ஆயத்தமான பின் பொதுவில் வெளியிடும் இம்முறை பொறுப்பான வெளியீடு எனப்படுகிறது.

விக்கிமீடியா தளங்கள் திருத்தப்பட்ட பின், 2014 சனவரி 28 அன்று மீடியாவிக்கியின் 1.22.2, 1.21.5, 1.19.11 ஆகிய பதிப்புகள் வெளியிடப்பட்டன. பிடிஎஃப் நீட்சிக்கும் தனியே திருத்தம் வெளியானது. அக்காலத்தில் ஆதரவில் இருந்த எல்லாப் பதிப்புகளும் பாதிக்கப்பட்டிருந்தன. செக் பாயின்ட் அறிவிப்பின்படி 1.8 பதிப்பு முதல் ஓட்டை இருந்து வந்தது. 1.8 வெளியானது 2006 அக்டோபரில். அதாவது, நிரலின் மூலம் யாவரும் படிக்கத் தக்கதாக இருந்தும், ஏழு ஆண்டுகளுக்கு மேல் இக்குறை கண்ணில் படாமல் இருந்தது.

திருத்தம் வெளியானதும் மற்றொரு சிக்கல் எழுகிறது. கட்டற்ற மென்பொருளில் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டு எந்த வரிகள் மாற்றப்பட்டன என்று எவரும் அறியலாம். ஓட்டை எங்கிருந்தது என்பதைத் திருத்தமே காட்டிக்கொடுத்துவிடும். இவ்வோட்டையைப் பயன்படுத்தும் நிரல் ஒன்று, ஊடுருவல் சோதனைக்குப் பயன்படும் மெட்டாசுபிளாய்ட்டு தொகுப்பில் விரைவிலேயே சேர்க்கப்பட்டது. எனவே இற்றைப்படுத்தாத தளங்களுக்கு ஓட்டை அறியப்படாதிருந்த காலத்தை விட, திருத்தம் வெளியான பின் வரும் நாட்களே கூடுதல் ஆபத்தானவை.

திருத்தம்

திருத்தம் இரண்டு நிலைகளில் அமைந்தது. முதலாவதாக, பக்க எண், அளவு உட்படக் கட்டளை வரியில் இடம்பெறும் எல்லா மதிப்புகளும் மேற்கோளுக்குள் அடைக்கும் செயற்கூற்றின் வழியாக அனுப்பப்பட்டன. இதனால் அரைப்புள்ளியும் நிலைக்கோடும் தம் தனிப்பொருளை இழந்து வெறும் எழுத்துகள் ஆகின்றன. இரண்டாவதாக, எண்ணாக இருக்க வேண்டிய மதிப்புகள் முழு எண்ணாகவே மாற்றப்பட்டன. "7; நாள்காட்டு" என்பது இம்மாற்றத்திற்குப் பின் 7 என்னும் எண்ணாக மட்டுமே எஞ்சும்.

இவற்றுள் ஏதேனும் ஒன்றே இத்தாக்குதலைத் தடுக்கப் போதுமானது. எனினும் இரண்டும் செய்யப்பட்டமைக்குக் காரணம் உண்டு. பின்னாளில் ஒருவர் நிரலை மாற்றும்போது ஒரு காப்பு தவறிப்போனாலும் மற்றது நிற்கும்.

பிற விக்கி மென்பொருள்களில் ஒத்த ஓட்டைகள்

வெளியிலிருந்து வந்த தரவு கட்டளையாக மாறும் வழு மீடியாவிக்கிக்கு மட்டும் உரியதன்று. அறியப்பட்ட சில நிகழ்வுகள் வருமாறு.

டிவிக்கி (2004, 2005): பெர்ள் மொழியில் அமைந்த இம்மென்பொருள், தேடலுக்கு வழங்கியின் தேடற்கட்டளையை ஷெல் வழியாக அழைத்தது. தேடுசொல்லில் சிறப்புக் குறியீடுகளை இட்டுக் கட்டளைகளை இயக்க முடிந்தது 2004இல் வெளிப்பட்டது. மறு ஆண்டு, பக்க வரலாற்றில் பதிப்பு எண்ணைக் குறிக்கும் அளவுருவிலும் அதே வழு காணப்பட்டது. பதிப்பு எண்ணும் பக்க எண்ணைப் போலவே, எண் என்று நம்பி விடப்பட்ட ஒரு மதிப்பு ஆகும்.

மீடியாவிக்கி (2005): 1.5.3க்கு முந்தைய 1.5 வரிசைப் பதிப்புகளில், பயனர் தேர்ந்தெடுக்கும் மொழியின் பெயர் பிஎச்பி நிரல் வரியாக அமைக்கப்பட்டு இயக்கப்பட்டது. மொழிப் பெயருக்குப் பதிலாக நிரலை அனுப்ப இது இடமளித்தது. இங்கு ஷெல் இல்லை. பிஎச்பி மொழியே கட்டளைப் பொறியாக இருந்தது.

மொயின்மொயின் (2012): பைத்தான் மொழியில் அமைந்த இம்மென்பொருளில், வரைபடங்களைச் சேமிக்கும் செயற்பாடு வழியாக வழங்கியில் கோப்புகளை எழுதி நிரலை இயக்க முடிந்தது. 1.9.6 பதிப்பில் இது திருத்தப்பட்டது. அதற்கு முன்பே 2012 சூலை முதல் தாக்குநர்கள் இதனைப் பயன்படுத்தினர். டெபியன் திட்டத்தின் விக்கி ஊடுருவப்பட்டது. 2012 திசம்பர் 28 அன்று பைத்தான் விக்கி வழங்கியில் நுழைந்த தாக்குநர், பின்னர் பைத்தான், ஜைத்தான் விக்கிகளின் கோப்புகளை அழித்துவிட்டார். பக்க வரலாறு இருந்தும் பயனில்லாமற் போன நிகழ்வு இது. வரலாறும் அக்கோப்புகளுள் ஒன்றாகவே இருந்தது.

கான்ஃபுளுவென்சு (2021, 2022): ஆத்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனத்தின் இம்மென்பொருளை அலுவலகங்கள் உள்விக்கியாகப் பயன்படுத்துகின்றன. சாவா மொழிக்கான ஒரு கோவை மொழியை இணைய முகவரி வழியாகவே உட்செலுத்தி இயக்கும் ஓட்டை 2022 சூன் 2 அன்று அறிவிக்கப்பட்டது. திருத்தம் வெளியாகும் முன்பே அது தாக்குதல்களில் பயன்பட்டது. 2021 ஆகத்திலும் இதே வகையைச் சேர்ந்த ஓர் ஓட்டை வெளிப்பட்டிருந்தது.

எக்சுவிக்கி (2025): தேடற்பெட்டியில் இடப்படும் உரை குரூவி மொழி நிரலாக இயக்கப்பட்டது. கணக்கு இல்லாத விருந்தினரும் இதனைப் பயன்படுத்த முடிந்தது.

இந்நிகழ்வுகளில் மொழிகள் வேறு, ஆண்டுகள் வேறு. தேடுசொல், பதிப்பு எண், மொழிப் பெயர், முகவரி என ஓட்டையின் வாயில்களும் வேறு. அடிப்படை ஒன்றே.

பின்னைய மாற்றங்கள்

ஒவ்வொரு நிரலாளரும் ஒவ்வொரு முறையும் மேற்கோள் இட மறவாதிருப்பார் என எதிர்பார்ப்பது பாதுகாப்பன்று. 2014க்குப் பிறகு மீடியாவிக்கியில் செய்யப்பட்ட மாற்றங்கள் இவ்வுணர்வின் அடிப்படையில் அமைந்தன.

2017இல் வெளியான 1.30 பதிப்பில், துணை நிரல்களை அழைக்கப் புதிய இடைமுகம் ஒன்று சேர்க்கப்பட்டது. இதில் கட்டளை ஒரே சரமாக ஒட்டப்படுவதில்லை. கட்டளையின் பெயரும் ஒவ்வொரு மதிப்பும் தனித்தனி உறுப்புகளாகத் தரப்படுகின்றன. மேற்கோள் இடும் வேலையை இடைமுகமே செய்துவிடுகிறது. மேற்கோள் இடுவது மறந்தால் நேரும் தவறு, வேண்டுமென்றே விலகினால் மட்டுமே நேரும் தவறாக இதனால் மாறியது. 1.31 பதிப்பில், துணை நிரல்கள் வலையமைப்பையோ முக்கியக் கோப்புகளையோ அணுகாதவாறு கட்டுப்படுத்தும் வசதி சேர்ந்தது.

துணை நிரலே ஆபத்தானதாக அமைவதும் உண்டு. இசைக் குறியீடுகளைக் காட்டும் நீட்சி லில்லிபாண்டு என்னும் நிரலைப் பயன்படுத்துகிறது. இசைக் குறியீட்டினுள் நிரல் வரிகளையும் எழுத லில்லிபாண்டு இடமளிப்பதால், அதன் வழியே கட்டளைகளை இயக்க முடியும் என அறியப்பட்டு, 2020 சூலையில் அந்நீட்சி விக்கிமீடியா தளங்களில் நிறுத்தப்பட்டது. இங்கு மேற்கோள் இடுவது பயன் தராது. ஏற்க வேண்டிய தரவே ஒரு நிரலாக இருக்கிறது. இதன் பின் ஷெல்பாக்சு என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது. துணை நிரல்களை விக்கியின் வழங்கியிலேயே இயக்காமல், கடவுச்சொற்களோ தரவுத்தள இணைப்போ இல்லாத தனிமைப்படுத்திய சூழலில் இயக்கி, விடையை மட்டும் பெற்றுக்கொள்வது இதன் வழிமுறை. 2021இல் அந்நீட்சி இவ்வமைப்பின் துணையுடன் மீண்டும் இயக்கப்பட்டது.

தற்காப்பு நெறிகள்

இவ்வோட்டையிலிருந்து நிரலாளர்களும் தள நிருவாகிகளும் பெறத்தக்க பொதுவான நெறிகள் வருமாறு.

மதிப்பு எவ்வாறு இருக்கக்கூடாது என்று சோதிப்பதை விட, எவ்வாறு இருக்க வேண்டும் என்று சோதிப்பதே நன்று. தீய குறியீடுகளின் பட்டியல் ஒருபோதும் முழுமை பெறாது. "இலக்கங்கள் மட்டும்" என்னும் விதி முழுமையானது.

சோதித்த மதிப்பையே பயன்படுத்த வேண்டும். எண்ணாக மாற்றிச் சோதித்தால், அவ்வாறு மாற்றப்பட்ட எண்ணையே அடுத்த படிக்கு அனுப்ப வேண்டும்.

கூடியவரை ஷெல்லைத் தவிர்த்து, நிரலை நேரடியாக அழைக்க வேண்டும். தவிர்க்க இயலாதபோது எல்லா மதிப்புகளையும் விலக்கின்றி மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும்.

இணைய வழங்கி மென்பொருளுக்குத் தேவைக்கு மேற்பட்ட உரிமைகளை அளிக்கலாகாது. தன் நிரல் கோப்புகளைத் தானே மாற்றி எழுதும் உரிமை விக்கிக்குத் தேவையில்லை.

பயன்படுத்தாத வசதிகளையும் கோப்பு வடிவங்களையும் முடக்கி வைக்க வேண்டும்.

பாதுகாப்புத் திருத்தங்களை அவை வெளியான நாளிலேயே நிறுவ வேண்டும். ஆதரவு முடிந்த பதிப்புகளுக்குத் திருத்தங்கள் வெளியிடப்படுவதில்லை.

காப்புநகல்களை விக்கி இயங்கும் வழங்கியிலிருந்து அணுக முடியாத வேறிடத்தில் வைக்க வேண்டும். பைத்தான் விக்கிக்கு நேர்ந்தது போல் கோப்புகள் அழிக்கப்பட்டால், அந்நகல்களே விக்கியின் வரலாற்றை மீட்கும் வழி.

இவற்றையும் பார்க்க

மீடியாவிக்கி
விக்கிமூலம்
டெஜாவு
பிஎச்பி
கட்டளை உட்செலுத்தல்
கணினிப் பாதுகாப்பு